வகுப்பு வேறுபாடும் பொருளுண்மைச் சோதனையும்

தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்பெற்ற பின்னர் ஆசிரியர் ஓய்வறையில் எழும் பேச்சொன்று எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவானது. "என் பிரிவின் கணிதச் சராசரி 58; அடுத்த பிரிவினது 52. நான் புதிய முறையிற் படிப்பித்ததன் பயன் இது" என்பார் ஒருவர். "ஆறு புள்ளியும் ஒரு வேறுபாடா? அடுத்த தவணையில் மாறிவிடும்" என்பார் மற்றவர். இருவரும் அநுபவம் மிக்கவர்கள்; இருவர் கூற்றும் பொருத்தமுடையன போலவே தோன்றும். எனினும் அவ்விருவரும் கூறிய செய்தியை மாத்திரம் கொண்டு எவராலும் இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. சராசரிகள் இரண்டும் தெரிந்தன. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் புள்ளிகள் எவ்வாறு பரந்து கிடந்தன, மாணாக்கர் எத்துணைப் பேர், அவர்கள் எவ்வகையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர் என்பன தெரியவில்லை. இம்மூன்றுள் முதலிரண்டையும் கணக்கிற் கொள்ளுங் கருவியே புள்ளிவிபரவியலார் கூறும் பொருளுண்மைச் சோதனை. மூன்றாவதைக் கணக்கிற் கொள்ளும் ஆற்றல் எச்சோதனைக்கும் இல்லை. இக்கட்டுரை பெரிதும் அம்மூன்றாவதைப் பற்றியதே. ஆயினும் முதலிரண்டையும் விளங்காமல் அதற்குச் செல்லுதல் கூடாது.

பிரிவுக்கு எண்மராகக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். முதற் பிரிவினரின் புள்ளிகள் 55, 56, 57, 58, 58, 59, 60, 61, சராசரி 58. இரண்டாம் பிரிவினர் 49, 50, 51, 52, 52, 53, 54, 55, சராசரி 52. இங்கே ஒரு பிரிவின் கடைசி மாணாக்கன் மற்றப் பிரிவின் முதல் மாணாக்கனோடு சமமாய் நிற்கின்றான். இனி வேறொரு கல்லூரியை எண்ணுக. அங்கே முதற் பிரிவு 40, 46, 52, 58, 58, 64, 70, 76. இரண்டாம் பிரிவு 34, 40, 46, 52, 52, 58, 64, 70. இங்கும் சராசரிகள் 58, 52 என்பனவே; வேறுபாடும் ஆறே. ஆனால் இரு பிரிவினரும் ஒருவரோடொருவர் கலந்து கிடக்கின்றனர். ஒரே பிரிவுக்குள்ளேயே 36 புள்ளி ஏற்றத்தாழ்வு இருக்கும்போது பிரிவுகளுக்கிடையே ஆறு புள்ளி வந்ததை வியப்பதற்கு என்ன இருக்கிறது?

கண்ணாற் கண்ட இவ்வுண்மையை எண்ணாற் கூறுவதே 'ரீ' சோதனை. ஒவ்வொருவரது புள்ளியும் தம் பிரிவின் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கித்துக் கூட்டுக. முதற் கல்லூரியில் அக்கூட்டுத்தொகை பிரிவுக்கு 28 ஆக இரண்டிற்கும் 56. பதினாறு மாணாக்கரிலிருந்து இரு சராசரிகளுக்காக இரண்டைக் கழித்து 14 ஆல் வகுத்தால் மாறற்றிறன் 4. அதன் வர்க்கமூலமாகிய நியம விலகல் 2. எண்மர் எண்மராகக் கொண்ட இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதை நியம வழு காட்டும். இங்கு அது சரியாக 1. வேறுபாடாகிய 6 ஐ அதனால் வகுக்க 'ரீ' 6 ஆகும். இரண்டாம் கல்லூரியில் விலகல்கள் ஆறு மடங்காதலின் நியம விலகல் 12, நியம வழு 6, 'ரீ' 1. அட்டவணையை நோக்கினால், இவ்வளவு சிறு தொகையினருக்கு 'ரீ' 2.145 ஐத் தாண்டினாலன்றி வேறுபாட்டைப் பொருளுடையதெனக் கொள்ளலாகாது என்றிருக்கும். ஆகவே முதற் கல்லூரி ஆசிரியர் பெருமைப்படலாம். இரண்டாம் கல்லூரி ஆசிரியர் சற்றுப் பொறுத்திருத்தல் நன்று.

இச்சோதனையைக் கண்டவர் கல்வியாளரல்லர். டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் மதுவடிசாலையில் உத்தியோகம் பார்த்த வில்லியம் கொசெற் என்பவர் 1908 இல் 'பயோமெற்றிக்கா' என்னும் ஆராய்ச்சி இதழில் இதனை வெளியிட்டார். தம் பெயரை மறைத்து 'மாணாக்கன்' என்ற புனைபெயரிலேயே எழுதினார். ஆசிரியர்கள் ஒரு மாணாக்கனிடம் பாடங் கேட்கும் வாய்ப்பு இதனால் நமக்குக் கிட்டியது.

அட்டவணையின் 2.145 என்னும் எல்லை எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத் தேநீரிற் சிறந்த உதாரணம் இல்லை. இங்கிலாந்தில் றொதாம்ஸ்ரெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய றொனால்ட் பிஷரிடம், கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு பெண்மணி கூறினாராம். பிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு சோதனையாக விரித்தெழுதினார். எட்டுக் கோப்பைகள்; நான்கில் முதலிற் பால், நான்கில் முதலில் தேநீர்; வரிசை குலுக்கலால் அமைந்தது. எட்டில் நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 70. ஆதலால் சுவையறியும் ஆற்றல் சிறிதும் இல்லாதவரும் எழுபதில் ஒருமுறை நான்கையும் சரியாகச் சொல்லிவிடக்கூடும். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், ஆற்றல் உண்டென ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றேல் எழுபதில் ஒன்றாகிய அரிய தற்செயல் நம் கண்முன் நிகழ்ந்ததெனக் கொள்ள வேண்டும்.

கோப்பைகளை மாணாக்கராக மாற்றிப் பார்க்க. எண்மருட் சீட்டுக் குலுக்கி நால்வரைப் புதிய முறையிலும் நால்வரைப் பழைய முறையிலும் படிப்பித்தோம். முடிவிற் புதிய முறையினர் நால்வரும் பழைய முறையினர் நால்வரையும் விஞ்சிவிட்டனர். முறையால் எப்பயனும் இல்லையெனில் இந்நிகழ்ச்சிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்றே. 'முறையாற் பயனில்லை' என்று சோதனையின் பொருட்டு முதலில் வைத்துக்கொள்ளும் கூற்றையே சூனியக் கருதுகோள் என்பர். அக்கருதுகோள் உண்மையாயின், நாம் கண்ட அளவோ அதனிலும் மிக்கதோ ஆகிய வேறுபாடு தற்செயலாய் வருவதற்குரிய நிகழ்தகவைச் சோதனை தருகின்றது. அது நூற்றுக்கு ஐந்திலுங் குறைவாயின் வேறுபாடு பொருளுடையது எனல் மரபு. மேற்காட்டிய கல்லூரிகளுள் இரண்டாவதில் அந்நிகழ்தகவு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. முதலாவதிற் பத்தாயிரத்தில் ஒன்றிலுங் குறைவு. ஐந்து வீதம் என்பது பிஷர் 1925 ஆம் ஆண்டு நூலில் வசதிக்காக எடுத்துக்கொண்ட எல்லை; இயற்கை விதித்ததன்று. நிகழ்தகவு 4.9 வீதமாயின் ஆரவாரமும் 5.1 வீதமாயின் மௌனமும் என்பது ஆராய்ச்சியாளரிடையே வேரூன்றிய மூடப்பழக்கம்.

இந்நிகழ்தகவைத் தலைகீழாய் விளங்கிக்கொள்வதும் பெருவழக்கு. 'நிகழ்தகவு 3 வீதம். ஆகவே புதிய முறை பயனற்றதாயிருப்பதற்கு 3 வீத வாய்ப்பே உண்டு' என்று பட்டப்பின் ஆய்வேடுகளிற்கூட எழுதிவிடுகின்றனர். மழை பெய்தால் வீதி நனையும் வாய்ப்பும், வீதி நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல என்பதை வெள்ளவத்தையில் தண்ணீர்க் குழாய் உடைந்த நாளிற் காலி வீதியைக் கண்டவர் எவரும் அறிவர். அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமே 2016 இல் அறிக்கை விடுத்து இத்தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இனி மாணாக்கர் தொகையை நோக்குவோம். இரண்டாம் கல்லூரியின் பிரிவுகளில் எண்மருக்குப் பதிலாக 72 பேர் வீதம் இருந்து, நியம விலகல் 12 ஆகவே நின்றால், நியம வழு 6 இலிருந்து 2 ஆகக் குறையும். அதே ஆறு புள்ளி வேறுபாட்டுக்கு 'ரீ' 3 ஆகிவிடும். பிரிவுக்குப் பதினாயிரவர் இருப்பின் அரைப் புள்ளி வேறுபாடும் எல்லையைத் தாண்டிவிடும். அரைப் புள்ளியால் எந்தப் பிள்ளையின் கல்வி உயர்ந்தது? பொருளுடையது என்னும் சொல் இங்கே நம்மை மயக்குகின்றது; அது தற்செயலன்று என்பதையே குறிக்குமன்றிப் பெரிது, பயனுடையது என்பவற்றைக் குறிப்பதன்று. ஆதலின் சோதனை முடிவோடு வேறுபாட்டின் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். எண்மர் வகுப்பில் உண்மை வேறுபாடு ஏறக்குறைய −7 முதல் +19 வரை எங்கேயும் இருக்கலாம். 72 பேர் வகுப்பில் 2 முதல் 10 வரை. முன்னதைப் பார்த்தவர் புதிய முறை பயனற்றதென்று முடிவு கட்டவும் மாட்டார். பொருளுண்மை காணப்படவில்லை என்பது வேறு. வேறுபாடு இல்லை என்பது வேறு.

புள்ளிகளுக்குப் பதிலாகச் சித்தி, தவறுதல் என்னும் எண்ணிக்கைகளே கையிலிருந்தால், காள் பியர்சன் 1900 இல் வகுத்த கைவர்க்கச் சோதனை உதவும். அறுபதின்மரில் 40 பேர் சித்தியடைந்த வகுப்பையும் 30 பேர் சித்தியடைந்த வகுப்பையும் ஒப்பிட்டால் கைவர்க்கம் 3.43, எல்லையோ 3.84. பத்துப் பிள்ளைகள் கூடச் சித்தியடைந்தும் தற்செயல் என்னும் ஐயம் நீங்கவில்லை! மூன்று நான்கு வகுப்புக்களை ஒருங்கே ஒப்பிடுவோர் இரண்டிரண்டாய் எடுத்துச் சோதியாமற் பிஷரின் மாறற்றிறன் பகுப்பைக் கையாளுதல் முறை. ஒன்றையொன்று சாராத இருபது ஒப்பீடுகளைச் செய்தால், எங்குமே உண்மை வேறுபாடு இல்லாதவிடத்தும் ஒன்றேனும் பொருளுடையதாய்த் தோன்றும் வாய்ப்பு 64 வீதம். தேடிக்கொண்டே இருப்பவருக்கு ஏதாவது அகப்படும்.

இதுவரை கூறியன கணக்கு. இனிக் கூறப்போவது கணக்குக்கு முன்னர் நிகழ்ந்து முடிந்துவிடுவது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மதிலுக்கு மதில் ஒட்டப்படும் தனியார் வகுப்பு விளம்பரங்களைப் பாருங்கள். 'எம்மிடம் கற்றோர் பெற்ற பெறுபேறுகள்' என்று படங்களோடு வெளியிடுவர். அங்கே கற்றோரையும் கல்லாதோரையும் ஒப்பிட்டு 'ரீ' சோதனை செய்தால் அது பெரும்பாலும் எல்லையை எளிதில் தாண்டவே செய்யும். ஆனால் அவ்வகுப்புக்குச் சென்றோர் சீட்டுக் குலுக்கலாற் சென்றவரல்லர். பணம் கட்டக்கூடிய, கல்வியில் அக்கறையுள்ள, மாலை வேளையிற் பிள்ளையை அழைத்துச் சென்று காத்திருக்கக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள். வகுப்புக்குச் செல்லாதிருந்தாலும் அவர்களுள் அநேகர் நல்ல புள்ளி பெற்றிருப்பர். வேறுபாடு உண்மையானது, அதனை உண்டாக்கியது வகுப்பா வீடா என்பதைச் சோதனை அறியாது.

இத்தவறு எளியோரால் மாத்திரம் இழைக்கப்படுவதன்று. 1930 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் லனாக்சயர் மாவட்டத்தில் 67 பாடசாலைகளில் ஏறக்குறைய 20,000 பிள்ளைகளைக் கொண்டு ஒரு பேராராய்ச்சி நடைபெற்றது. பதினாயிரவருக்கு நான்கு மாதம் நாடோறும் முக்காற் பைந்து பால் வழங்கப்பட்டது. ஏனைய பதினாயிரவருக்கு இல்லை. பெப்ரவரியிலும் யூனிலும் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன. பிள்ளைகளைக் குலுக்கலாலோ பெயர் வரிசையாலோ பிரிக்கவேண்டும் என்பதே விதி. ஆனால் ஒரு பக்கத்தில் நன்கு ஊட்டம் பெற்றோரோ மெலிந்தோரோ மிகுந்துவிட்டால் ஆசிரியர் ஆளை மாற்றிச் சமப்படுத்தலாம் என்று ஒரு சலுகையும் சேர்க்கப்பட்டிருந்தது. மெலிந்த பிள்ளையைக் காணும் ஆசிரியர் என்ன செய்வார்? பாலுக்குரிய பக்கத்தில் அப்பிள்ளையைச் சேர்ப்பார். அவ்வாறே நிகழ்ந்தது போலும். ஆரம்பத்திலேயே பால் பெறாத பிள்ளைகள் மற்றோரிலும் உயரத்திலும் நிறையிலும் மிக்கிருந்தனர். ஏறத்தாழ மூன்று நான்கு மாத வளர்ச்சிக்குச் சமமான வேறுபாடு அது. போதாக்குறைக்குப் பிள்ளைகள் உடையோடு நிறுக்கப்பட்டனர். குளிர்காலத்துக் கனத்த உடை வசதியுள்ள பிள்ளைக்கு இருக்கும், வறிய பிள்ளைக்கு இராது. யூனில் அவ்வுடை கழன்றுவிடும்.

முன் கூறிய அந்த 'மாணாக்கன்', அதாவது கொசெற், 1931 இல் இவ்வாராய்ச்சியைப் பரிசீலித்து, இருபதினாயிரவரைக் கொண்டு பெற்ற முடிவு ஐயத்துக்கு இடமாயிற்று என்று காட்டினார். உருவொத்த இரட்டைப் பிள்ளைகள் 50 சோடியைத் தெரிந்து, சோடியில் ஒருவருக்குப் பால் வழங்குவதைக் குலுக்கலாற் தீர்மானித்திருந்தால், மிகச் சிறிய செலவில் இதனிலும் நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்றும் எழுதினார். ஆசிரியரின் இரக்கம் குற்றமன்று. அவ்விரக்கத்துக்கு இடமளித்த திட்டமே குற்றம். நம் நாட்டிற் பாடசாலை உணவு பற்றியோ புதிய பாடத்திட்டம் பற்றியோ ஆராயப் புகுவோர் எந்தப் பாடநூலுக்கும் முன்னதாக இக்கதையைப் படித்தல் தகும்.

லனாக்சயரில் ஆராய்ச்சி பிழைத்தது, அவ்வளவே. குழுக்களை ஒப்பிடுவதில் எழும் இதே வினா இலங்கையில் ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே தொட்டது. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அநுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தார் 229 உம் தமிழ் மொழிமூலத்தார் 250 உம், பொறியியலுக்கு முறையே 227 உம் 250 உம் பெறவேண்டியிருந்தது. தமிழ் விடைத்தாள்களைத் திருத்துவோர் தாராளமாய்ப் புள்ளி வழங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் எழுந்திருந்தது. பின்னர் 1973 இல் ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் பொது அளவுக்கு மாற்றும் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் அத்தசாப்தம் முடியுமுன் கைவிடப்பட்டது. 249 புள்ளியோடு வீடு திரும்பிய மாணாக்கனுக்கு அக்கைவிடலாற் பயன் இல்லை.

இதிலே புள்ளிவிபரவியல் சொல்லக்கூடியது எது, கூடாதது எது? இரு மொழிமூலங்களின் சராசரிகளும் வேறுபட்டனவா என்பதைச் சோதனை சொல்லும்; அத்துணைப் பெருந்தொகையில் அது ஏறக்குறைய எப்போதும் 'ஆம்' என்றே சொல்லும். காரணம் கேட்டால் வாய் மூடும். திருத்துவோரின் தாராளமா, விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலைகளின் தொகையா, பெற்றோரின் ஆர்வமா? மூன்றும் ஒரே எண்ணையே தரும். தரப்படுத்தல் என்ன செய்தது? இரு குழுக்களின் புள்ளிகளையும் ஒரே அளவுக்கு இழுத்து, இடையிலுள்ள வேறுபாட்டை அழித்தது. அவ்வேறுபாட்டிலே மாணாக்கரின் திறமைக்கு யாதொரு பங்கும் இல்லை என்று சோதியாமலே எடுத்துக்கொண்டதற்கு இது சமம். மேலும் அநுமதி என்பது சராசரியைப் பற்றியதன்று. பரம்பலின் உச்சியில் நிற்கும் சிலரைப் பற்றியது. சராசரி ஒன்றாயிருந்து பரவல் வேறுபடினும் உச்சியிலுள்ளோர் தொகை வேறுபடும்.

திருத்துவோர் மேலான குற்றச்சாட்டை மாத்திரம் சோதிக்க வழியிருந்தது. அது கடினமானதும் அன்று. இரு மொழிமூலத்து விடைத்தாள்களிலும் நூறு நூறு எழுமாற்றாக எடுத்து, இரு மொழியும் வல்லோர் முதற் புள்ளியைக் காணாமல் மறுபடி திருத்துமாறு செய்யலாம். கணிதம், பௌதிகம் ஆகிய பாடங்களில் மொழியின் பங்கு குறைவாதலின், விடைகளை ஒரே மொழியிற் பெயர்த்தெழுதிக் கொடுத்தாற் திருத்துவோர் எது எவருடையதென்றும் அறியார். ஒவ்வொரு தாளின் முதற் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளியைக் கழித்து, அக்கழிவுகளின் சராசரிகளை இரு மொழிமூலத்துக்குமிடையே 'ரீ' சோதனையால் ஒப்பிட வேண்டும். ஒரே தாள் தனக்குத் தானே ஒப்பாவதால் மாணாக்கரின் திறமை வேறுபாடு கணக்கிலிருந்து நீங்கிவிடும். எஞ்சுவது திருத்துவோரின் கை. கொசெற் வேண்டிய இரட்டைப் பிள்ளைகளைப் போன்றன இவ்விரட்டைப் புள்ளிகள்.

2001 ஆம் ஆண்டு முதல் க.பொ.த. உயர்தரத்தில் இசற் புள்ளி கையாளப்பட்டு வருகின்றது. ஒரு பாடத்தில் மாணாக்கன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பதே அது. மொழியைப் பாராமற் பாடத்தைப் பார்ப்பதால் பழைய முறையிலும் நேர்மையானது என்பது என் கருத்து. எனினும் கணிதத்தின் அடிநிலை ஒன்றே: எக்குழுவுக்குத் தனியே சராசரி காண்கின்றோமோ, அக்குழு ஏனைய குழுக்களோடு திறமையிற் சமம் என்று ஏற்றுக்கொள்கின்றோம். கடினமான வினாத்தாளுக்கு ஈடு செய்யும் அதே கழித்தல், கெட்டிக்காரர் கூடி எடுத்த பாடத்தின் பயனையும் கழித்துவிடும்.

இது வெறும் நுட்பமன்று என்பது 2011 இற் தெரிந்தது. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் புதிய பாடத்திட்டத்தாரும் பழைய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்குத் தோற்றினர். முதலில் இரு தொகுதியையும் இணைத்து இசற் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டு, 2012 யூன் மாதம் உயர் நீதிமன்றம் அதனை விலக்கி, இரண்டையும் வெவ்வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீண்டும் கணிக்குமாறு பணித்தது. வெவ்வேறு வினாத்தாள்களின் புள்ளிகளை ஒரே குவியலிற் கொட்டுதல் பிழை என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய பாடத்திட்டத்தார் முன்னரே ஒருமுறை தோற்றியவர்கள்; புதியவர் முதன்முறை எழுதியவர்கள். சீட்டுக் குலுக்கி எவரும் அவர்களைப் பிரிக்கவில்லை. இரு தொகுதிக்கும் இடையே காணப்பட்ட வேறுபாட்டில் வினாத்தாளின் பங்கு எவ்வளவு, மறுமுறை எழுதியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட 'ரீ' சோதனையாலும் இயலாது, எவ் சோதனையாலும் இயலாது. இரு தாள்களிலும் பொதுவான சில வினாக்கள் இடம்பெற்றிருந்தால், அவ்வினாக்களுக்கு இரு தொகுதியினரும் அளித்த விடைகளை ஒப்பிட்டு ஓரளவு கூறியிருக்கலாம். அவ்வினாக்களைப் பரீட்சைக்குப் பின்னர் சேர்க்க முடியாது.